மனநோய் என்று பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். டிஸபிலிட்டி பென்ஷனுக்கு இப்போது அப்பீல் போடலாமா?

கேட்டிருப்பவர் கல்லல் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய தாய்மாமன் 1996இல் காலாட்படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர், வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. 2003 ஆகஸ்டில், காஷ்மீரில் குப்வாரா பக்கம் இருந்தபோது, அப்பா இறந்துபோனார். லீவு கிடைக்காமல், கருமாதியெல்லாம் முடிந்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தார். திரும்பிப் போன கொஞ்ச நாளில், அக்டோபர் வாக்கில், தூக்கம் போயிற்று, தனக்குத்தானே பேச்சு, சாப்பாட்டில் எவனோ மருந்து வைக்கிறான் என்ற சந்தேகம். சில மாதம் ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, 2004இல் 'ஸ்கிசோஃப்ரினியா, 40 சதவீதம்' என்று டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோய்க்கும் சர்வீஸுக்கும் சம்பந்தமில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. அம்மாச்சி அந்தத் தாளை டிரங்குப் பெட்டியில் வைத்ததோடு சரி. இப்போது ஒருவர் வீடு தேடி வந்து, இருபது வருஷ அரியரையும் வாங்கித் தருகிறேன், எனக்கு முப்பது பர்சென்ட் போதும் என்கிறாராம். அப்பீல் காலம் முடிந்துவிட்டதா, மாமாவின் சித்தி ஒருத்திக்கும் இதே நோய் இருந்தது கேஸைக் கெடுக்குமா, ஊருக்கு வந்தபின் அவர் குடிக்க ஆரம்பித்தது கெடுக்குமா என்பவை கேள்விகள்.

தம்பி, காலம் முடியவில்லை. சித்தி விஷயமும் குடி விஷயமும் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கெடுக்காது. ஆனால் இந்தக் கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் மாமாவுக்கு இன்று நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதில் இல்லை. நோய் தொடங்கியபோது அவர் எங்கே இருந்தார், என்ன வேலையில் இருந்தார், மெடிக்கல் போர்டு அதைப் பற்றி என்ன எழுதியது அல்லது எழுதாமல் விட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்றைய மனநல டாக்டரிடம் சர்டிபிகேட் மேல் சர்டிபிகேட்டாக வாங்கி அடுக்குகிறார்கள். 2004ஆம் வருஷத்துப் போர்டுத் தாளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஜவான்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்ட்ஸ் ஆபீசில் பென்ஷன் பிரிவில் கிளார்க்காக இருந்து சுபேதாராக வெளியே வந்தவன். காரைக்குடிக்கு வந்த பிறகும் இதே தாள்களோடுதான் பொழுது போகிறது. அதனால் தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தத் தாளின் பெயர் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. நோயால் பணிக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்து அனுப்பும் இன்வாலிடிங் மெடிக்கல் போர்டின் அறிக்கை. முன்பகுதியில், எந்தெந்த யூனிட்டில், எந்தெந்த ஊரில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, அது பீஸா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (களப் பகுதி) என்று வரிசையாக ஒரு பட்டியல் இருக்கும். அடுத்து நோய் எப்போது, எங்கே முதலில் தெரிந்தது என்பது. அதற்குப் பிறகு டாக்டர்கள் பதில் எழுத வேண்டிய கேள்விகள். 'சர்வீஸில் சேர்வதற்கு முன்பே இந்தக் குறைபாடு இருந்ததா' என்று ஒன்று. அதற்குப் பெரும்பாலும் 'நோ' என்றுதான் எழுதியிருப்பார்கள். இந்த ஒரு 'நோ' உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம். கீழே மூன்று கட்டங்கள்: சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் அதிகமானதா, சர்வீஸோடு தொடர்பே இல்லையா. உங்கள் மாமாவின் தாளில் முதல் இரண்டில் 'நோ', மூன்றாவதில் 'யெஸ்' இருக்கும். 'நெய்தர் அட்ரிபியூட்டபிள் நார் அக்ரவேட்டட்' (வந்ததும் இல்லை, அதிகமானதும் இல்லை) என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து, பட்டாளத்து ஆபீஸ்களில் இதை 'நானா' கேஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்குப் பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. அங்கேதான் கண்ணை வைக்க வேண்டும். நான் பார்த்த மனநோய்த் தாள்களில் அதிகமாக அந்த இடத்தில் இருந்தது ஒற்றை வரிதான்: 'கான்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர், நாட் கனெக்டட் வித் சர்வீஸ்.' அதாவது பிறவி அமைப்பிலேயே உள்ள கோளாறு, சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை. எப்படிச் சம்பந்தமில்லை, குப்வாராவில் இருந்தபோது என்ன நடந்தது, அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை இருக்காது.

இந்த ஒற்றை வரி போதுமா என்பதுதான் நீதிமன்றங்களில் பல வருஷமாக நடக்கிற சண்டை.

உங்கள் மாமா வெளியே வந்தது 2004இல். அப்போது நடப்பில் இருந்தவை 1961ஆம் வருஷத்து ராணுவ பென்ஷன் ஒழுங்குமுறைகளும் இந்தப் பென்ஷனுக்கு யாருக்கு உரிமை என்று சொல்லும் 1982ஆம் வருஷத்து எண்டைட்டில்மென்ட் ரூல்ஸும். 1982 விதிகள் ஜவானுக்குச் சாதகமானவை. சேரும்போது உடலாலும் மனதாலும் நன்றாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும், சேரும்போது எழுதிய குறிப்பு ஏதாவது இருந்தால் ஒழிய. நோய் சர்வீஸால் வந்தது என்று நிரூபிக்கும் சுமை ஜவான்மேல் இல்லை. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. ஒழுங்குமுறைகளின் பின்னிணைப்பில் பணியின் அழுத்தத்தால் பாதிக்கப்படும் நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 'சைக்கோசிஸ், சைக்கோநியூரோசிஸ்' அதில் இடம்பெற்றிருக்கின்றன. குறைபாடு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. மாமாவுக்கு 40 என்பதால் அந்தக் கவலை இல்லை.

2013 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. ஒன்று தரம்வீர் சிங் வழக்கு. அது வலிப்பு நோய் சம்பந்தப்பட்டது. ஆனால் மேலே சொன்ன விதிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்த தீர்ப்பு என்பதால் எல்லா மனுவிலும் மேற்கோள் காட்டுவார்கள். மற்றது வீர்பால் சிங் வழக்கு. அதுதான் உங்களுக்கு நெருங்கியது. 1972இல் சேர்ந்து 1977இல் 'ஸ்கிசோஃப்ரினிக் ரியாக்‌ஷன்' என்று அனுப்பப்பட்ட ஜவான் அவர். நிபுணர் கருத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் அதைக் கும்பிட வேண்டியதில்லை என்ற பொருளில் நீதிமன்றம் சொன்னது. மறு மெடிக்கல் போர்டு வைத்துப் பார்க்கச் சொல்லி உத்தரவிட்டது. 1977இல் வெளியே வந்தவருக்கு 2013இல் கதவு திறந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதை மட்டும் படித்துவிட்டு ஜெயித்தாயிற்று என்று கிளம்புகிறவர்கள் 2019 அக்டோபரில் வந்த நர்சிங் யாதவ் தீர்ப்பைப் படிப்பதில்லை. அதுவும் ஸ்கிசோஃப்ரினியாதான். பதினெட்டு வயதில் சேர்ந்து மூன்றரை வருஷத்தில் அனுப்பப்பட்டவர். உச்ச நீதிமன்றம் கை விரித்துவிட்டது. சில மனநோய்கள் இடையிடையே நன்றாக இருக்கும் காலங்களோடு வரக்கூடியவை. ஆளெடுக்கும்போது நடக்கும் சோதனையில் அவர் சொன்னால் ஒழியத் தெரியாது. எனவே சேரும்போது குறிப்பு இல்லை என்பதாலேயே சர்வீஸில் வந்தது என்று இயந்திரம்போல் முடிவு கட்ட முடியாது, கேஸுக்குக் கேஸ் வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்றது. அவர் வெஹிக்கிள் மெக்கானிக், இருந்தது பீஸ் ஸ்டேஷனில். அழுத்தம் தரும் வேலையும் இல்லை, அழுத்தம் தரும் இடமும் இல்லை என்று மனு தள்ளுபடி ஆயிற்று. அரசுத் தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் போடுவது இந்தத் தீர்ப்பைத்தான். உங்கள் மனு இதற்குப் பதில் சொல்லும்படி எழுதப்பட வேண்டும். மாமா மெக்கானிக் இல்லை, காலாட்படைச் சிப்பாய். பீஸில் இல்லை, குப்வாராவில் இருந்தார். மூன்றரை வருஷம் இல்லை, ஏழு வருஷம் நோய்நொடி இல்லாமல் வேலை பார்த்த பிறகு வந்தது. நர்சிங் யாதவ் தீர்ப்பைத் திருப்பிப் பிடித்தால் அதுவே உங்கள் பக்கம் பேசும்.

2025 மே மாதத்தில் ராஜுமோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. போர்டு தன் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும், காரணமில்லாத கருத்தை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்றது. அந்த ஒற்றை வரித் தாள் கையில் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மருத்துவப் பக்கத்தில் டாக்டர்களுக்கே ஒரு கையேடு இருக்கிறது, மெடிக்கல் ஆபீசர்களுக்கான 2002ஆம் வருஷத்து மிலிட்டரி பென்ஷன் வழிகாட்டி, 2008இல் திருத்தப்பட்டது. மனநோய் என்பது உள்ளிருந்து வரும் காரணங்களும் வெளியிலிருந்து வரும் காரணங்களும் பின்னிப் பிணைந்து வருவது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. எந்தெந்த இடத்தில் நோய் வந்தால் சர்வீஸால் வந்தது என்று ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது: போர்முனை, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைப் பகுதி, உயரமான மலைப் பகுதி, ஆளரவமற்ற தனிப் போஸ்ட், நீர்மூழ்கி விபத்து, உயிர்ச்சேதம் ஏற்பட்ட வண்டி விபத்து, பிணங்களை எடுக்க வேண்டிவந்த பேரிடர் வேலை. கடலோரத்தில் சுனாமிப் பிணங்களை எடுத்த படையினர் பலர் நம் தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர்கள். 'சுனாமி' என்று பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அதே கையேட்டில் லீவு பற்றி ஒரு பகுதி உண்டு, உங்களுக்கு அதுதான் முக்கியம். பணியின் அவசரத்தால் லீவு மறுக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் மனநோய் வந்தால், சர்வீஸால் அதிகமானது என்று கருதலாம். ஆனால் எந்த லீவுக்கும் அல்ல. மனைவியோ பிள்ளையோ இறந்தபோது, வீட்டாருக்கு எதிராகக் கொலை, கொள்ளை போன்ற கொடுமை நடந்தபோது, வெள்ளம் புயலில் குடும்பம் மாட்டிக்கொண்டபோது, தகப்பன் இல்லாத தங்கையின் கல்யாணத்துக்கு ஒரே அண்ணன் வரவேண்டியிருந்தபோது, இப்படி எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். தாய் தகப்பன் சாவு என்றால் இறந்தவருக்கு அவர் ஒரே பிள்ளையாக, அல்லது ஒரே மகனாக இருக்க வேண்டும். உங்கள் மாமா ஒரே மகன். ஆகஸ்டில் சாவு, அக்டோபரில் நோய். கொள்ளி வைக்க வேண்டியவன் வரமுடியாமல் பங்காளி வீட்டுப் பிள்ளை வைத்தான் என்பது நம் பக்கத்தில் ஒருவனை எப்படி அறுக்கும் என்று நமக்குத் தெரியும். டெல்லிக்காரருக்குத் தெரிய வேண்டும் என்றால் தேதி வேண்டும். ஐயாவின் இறப்புச் சான்றிதழ், அப்போது கொடுத்த தந்தியின் ரசீது, கருமாதிப் பத்திரிகை, மாமா ஊர் வந்த தேதிக்கான லீவு சர்டிபிகேட் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். 2003இல் காரைக்குடியிலிருந்து தந்தி போயிருக்கும். தந்தி சேவையே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது, இனி அங்கே போய்க் கேட்க முடியாது. வாரிசுச் சான்றிதழில் ஒரே மகன் என்பது தெரிந்துவிடும். லீவு மறுக்கப்பட்டது என்று எழுத்தில் யாரும் தரமாட்டார்கள், தேதிகள் பேசட்டும்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டிருப்பார். மாமாவோ கூடப்போனவர்களோ வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கலாம். அது கேஸ் ஷீட்டில் 'ஃபேமிலி ஹிஸ்டரி பாசிட்டிவ்' என்று ஏறியிருக்கும். ஏறியிருந்தால் மறைக்காதீர்கள், ரிக்கார்டில் இருப்பதை மனுவில் மறைத்தால் மீதி உண்மையும் பொய்யாகிப் போகும். வம்சத்தில் ஒருவருக்கு இருந்தது என்பது ஒரு சாத்தியம், அவ்வளவுதான். அந்தச் சாத்தியத்தோடு அவர் ஏழு வருஷம் நன்றாகத்தானே இருந்தார், எதனால் 2003இல் வெடித்தது என்று கேட்க வேண்டியதுதான். அப்படியே சர்வீஸால் வரவில்லை என்றாலும், சர்வீஸால் அதிகமாயிற்று என்பதே பென்ஷனுக்குப் போதும். இந்த இரண்டாவது வாசலை நிறைய மனுக்களில் தட்டுவதே இல்லை. இரண்டையும் மாற்று வாதமாக எழுதச் சொல்லுங்கள்.

குடி வேறு விஷயம். போதையால் வந்த குறைபாட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது, அது ஆளின் கட்டுப்பாட்டில் உள்ளதாம். போர்டு எழுதிய நோயின் பெயரே 'ஆல்கஹால் டிபெண்டன்ஸ் சிண்ட்ரோம்' என்றால் கேஸ் கஷ்டம், வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தூக்கம் வராமல் ரம்மை ஊற்றிக்கொண்டவனுக்கும் இந்தப் பெயர்தான் விழும் என்பது என் வருத்தம், ஆனால் சட்டம் அப்படித்தான். உங்கள் மாமாவின் தாளில் ஸ்கிசோஃப்ரினியா மட்டும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பத்து வருஷம் கழித்துக் குடித்தது 2004ஆம் வருஷத்துக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

அடுத்தது ஆதாரம். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 என்று இன்னொரு தாள் உண்டு. ஒரு ஜவானை மனநல டாக்டரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் எழுதி அனுப்புவது. ஆள் முன்பு எப்படி இருந்தான், எப்போதிலிருந்து மாறினான், எந்த டியூட்டியில் இருந்தான் என்றெல்லாம் அதில் இருக்கும். 'நல்ல உழைப்பாளி, லீவிலிருந்து வந்தபிறகு யாரோடும் பேசுவதில்லை' என்று ஒரு சி.ஓ. எழுதியிருந்தால், மூன்று டாக்டர் கையெழுத்துப் போட்ட 'கான்ஸ்டிட்யூஷனல்' அதற்கு முன்னால் நிற்காது. இதையும் கேட்டு வாங்குங்கள்.

ரெக்கார்ட்ஸில் தாள் கிடைக்காவிட்டால் டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. அதில் மெடல்கள் எழுதப்பட்ட பக்கத்தைப் பாருங்கள். ஹை ஆல்டிட்யூட் சர்வீஸ் மெடல், 'ஜம்மு காஷ்மீர்' கிளாஸ்ப் (மெடல் நாடாவில் மாட்டும் பெயர்ப்பட்டை) உள்ள சைன்ய சேவா மெடல் போன்றவை பரிசுப்பொருள் அல்ல, அந்த இடத்தில் வேலை பார்த்தார் என்பதற்கு அரசே கொடுத்த ரசீது. பழைய இன்லேண்ட் லெட்டர்களில் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் ஆபீஸ் முத்திரை இருந்தால் எடுத்து வையுங்கள். அதே கம்பெனியில் கூட இருந்த ஒருவர், 'இன்ன மாதம் இன்ன போஸ்டில் நாங்கள் சேர்ந்து இருந்தோம், இவருக்கு இப்படி ஆயிற்று' என்று கொடுக்கும் ஒரு பிரமாணப் பத்திரம், ஊரார் பத்துப் பேர் கொடுப்பதைவிடப் பலமானது. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டையில் வீதிக்கு ஒரு முன்னாள் படைவீரர் இருக்கிறார். பேட்ச்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆள் கிடைப்பார்.

இடைப்பட்ட சிகிச்சைக்கு ரிக்கார்டு இல்லை என்று தயங்காதீர்கள். நம் பக்கத்தில் இந்த நோய் வந்தால் முதலில் குணசீலம், ஏர்வாடி என்றுதான் கூட்டிப்போவார்கள், அங்கே ஓ.பி. சீட்டு தரமாட்டார்கள். எங்கெங்கே எந்த வருஷம் இருந்தார் என்று உள்ளபடி எழுதுங்கள். கூடவே இப்போது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முறையாகப் பதிந்து மருந்து வாங்க ஆரம்பியுங்கள். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ காட்டலாம். இது கேஸுக்காக மட்டும் சொல்லவில்லை. அதோடு, வழக்கில் மறு மெடிக்கல் போர்டு வைக்கச் சொன்னால், அப்போது சதவீதம் போடுவதற்கு இது உதவும்.

இனி வழி. மறுப்பு வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அது தள்ளுபடியானால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். இரண்டும் ராணுவத்துக்குள்ளேயே அப்பீல் கமிட்டிகளுக்குப் போகும். அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்தது. சென்னையில் ஒரு கிளை இருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் ஓய்வுபெற்ற ராணுவ உயரதிகாரி ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பல்லவனில் ஏறினால் மத்தியானத்துக்குள் சென்னை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாமாவைக் கூட்டிப்போக வேண்டியதில்லை.

நீங்கள் அப்பீலே போடவில்லை, இருபது வருஷம் கடந்துவிட்டது. இப்போது தாமதத்துக்குக் காரணம் சொல்லி முதல் அப்பீல் அனுப்புங்கள். காலம் கடந்தது என்று பதில் வரலாம், பதிலே வராமலும் போகலாம். ஆறு மாதம் பதில் இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி விடுகிறது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 22ஆம் பிரிவில் இருக்கிறது. மனநோயாளி, படிக்காத தாய், ஆண்துணை இல்லாத வீடு என்பதைவிட நியாயமான காரணம் வேறென்ன வேண்டும். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், தாமதத்துக்காக மட்டும் கேஸ் சாவதில்லை. ஆனால் அதே தீர்ப்பு அரியரை மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்தோடு நிறுத்திவிடுகிறது. எனவே இருபது வருஷ அரியர் என்று வீடு தேடி வந்தவர் சொன்னது நடக்காத கதை. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பென்ஷன் போகிறது என்பதுதான் உண்மைக் கணக்கு.

அவர் கேட்ட முப்பது பர்சென்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசிக் கட்டணம் வாங்க வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி அனுமதி தரவில்லை. வரப்போகும் பென்ஷனை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தால் 1871ஆம் வருஷத்துப் பென்ஷன் சட்டப்படி அது செல்லாது. வெற்றுத் தாளிலோ பத்திரத்திலோ அம்மாச்சியின் கைநாட்டு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனநோயாளிக்கு இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதைப் பற்றி விசாரியுங்கள். மாமாவால் புரிந்து கையெழுத்துப் போட முடிந்தால் அவர் பெயரிலேயே போடுங்கள். முடியாத நிலை என்றால் டாக்டர் சான்றோடு உங்கள் அம்மா அவர் சார்பில் நிற்கலாம்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்? பென்ஷனில் இரண்டு துண்டு: வேலை பார்த்ததற்கான சர்வீஸ் எலிமென்ட், குறைபாட்டுக்கான டிஸபிலிட்டி எலிமென்ட். எட்டு வருஷ சர்வீஸுக்குச் சாதாரணப் பென்ஷன் கிடையாது. ஆனால் சர்வீஸால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டால் சர்வீஸ் எலிமென்டுக்குக் குறைந்தபட்ச வருஷம் என்ற நிபந்தனை இல்லை. 2016 முதல் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. டிஸபிலிட்டி எலிமென்டில் 40 சதவீதம் என்பது 50ஆக உயர்த்திக் கணக்கிடப்படும். 50க்குக் கீழ் உள்ளதை 50, 75வரை உள்ளதை 75, அதற்கு மேல் உள்ளதை 100 என்று கொள்ளும் முறை அது. மனுவில் இதையும் கேட்டு எழுத வேண்டும், கேட்காமல் விட்டால் அதற்கு இன்னொரு மனு. இதோடு முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதியும் வரும். மாதாமாதம் மருந்து வாங்கும் வீட்டுக்கு அது பென்ஷனுக்குச் சமம். தீர்ப்பு வந்தபிறகு அரசு உயர் நீதிமன்றம் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள். தீர்ப்பாய உத்தரவுகளை உயர் நீதிமன்றத்தில் ரிட்டாக எடுத்துப்போகலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உங்களுக்கும் அதே வழி திறந்திருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் எழுதியது 2007 முடிய வெளியே வந்தவர்களின் விதி. 2008 முதல் வெளியே வந்தவர்களுக்கு 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் என்றால் 2023 விதிகள். அவற்றில் ஜவானுக்குச் சாதகமான அனுமானங்கள் குறைந்திருக்கின்றன. 2008 விதியில் பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் சுமையும் நம்மேல் வந்துவிடும். அவர்கள் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது: நோய் என்று யாரும் பார்க்காமலே, லீவு முடிந்து திரும்பாதவன் என்று ஓடிப்போனவன் பட்டியலில் போனவர்கள், நாலு சிவப்பு மை என்ட்ரிக்காக (தண்டனைப் பதிவுக்காக) அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு மெடிக்கல் போர்டே நடந்திருக்காது. முதலில் டிஸ்சார்ஜையே எதிர்த்து வாதாட வேண்டும், அது வேறு வழக்கு. உங்கள் மாமாவின் டிஸ்சார்ஜ் புக்கில் காரணம் 'மேற்கொண்டு பணிக்கு மருத்துவ ரீதியாகத் தகுதியற்றவர்' என்று, ஆர்மி ரூல் 13(3)இன் கீழ் போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வேறு ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

13(3) என்றே இருந்தால் இந்த வாரமே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, அவருடைய ரெக்கார்ட்ஸ் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக், இ.எம்.இ. செகந்திராபாத். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி எழுதி, இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு அறிக்கை முழுவதும், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், சேரும்போது நடந்த மருத்துவச் சோதனை, பென்ஷன் மறுத்த கடிதம், எங்கெங்கே வேலை பார்த்தார் என்ற விவரம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவ விவரம் அந்தரங்கமானது என்று திருப்பி அனுப்பாமல் இருக்க, மாமாவின் பெயரிலேயே அவர் கையெழுத்தோடு அனுப்பி, டிஸ்சார்ஜ் புக் நகலும் ஆதார் நகலும் இணையுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் ஃபைலைப் பொதுவாக 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள், அதன் பிறகு அழித்துவிட்டோம் என்று பதில் வரும். மாமாவுக்கு அந்தக் கெடு 2029. ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். தாள் வந்ததும், வக்கீலைப் பார்க்கும் முன், காரணம் எழுதிய அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.